அரச பாடசாலையை விட்டுச் செல்லும் பிள்ளை: கண்டியில் ஒரு நீண்ட விவாதம்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி வெளியானதும் கண்டியிலும் அதன் அயலிலும் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளையை இப்போது படிக்கும் அரச பாடசாலையிலேயே விடுவதா, கட்டணம் கட்டிச் சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றுவதா? தந்தையோ தாயோ டோஹாவிலும் துபாயிலும் மஸ்கட்டிலும் தொழில் செய்யும் குடும்பங்களில் அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது: பிள்ளையை அங்கே அழைத்துச் சென்று தனியார் பாடசாலையில் சேர்ப்பதா, தாத்தா பாட்டியிடம் விட்டு இங்கேயே படிக்க வைப்பதா?

இதற்குக் கல்வியாளரும் அரசியல்வாதிகளும் பெற்றோரும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடை சொல்லி வருகின்றனர். இலவசக் கல்வி, பெற்றோரின் தெரிவுரிமை, தாய்மொழி, பல்கலைக்கழக அனுமதி என்று அந்த விடைகள் நான்கைந்து தடங்களில் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பிள்ளை பாடசாலையை விட்டுப் போகும் நாளோடு நின்றுவிடுகின்றன. போன பிள்ளை திரும்பி வர வேண்டியிருந்தால் என்ன ஆகும், அதற்குள் அதன் தமிழ் எந்த நிலையில் இருக்கும் என்ற இரு வினாக்களும் ஓரத்தில் கிடக்கின்றன. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கண்டி மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தமிழரும் முஸ்லிம்களும். அவர்களுக்கு இந்த இரண்டுமே தலையாய வினாக்கள்.

கேள்வியின் வேர்

சர்வதேசப் பாடசாலை 1977க்குப் பின் வந்த புதுமை என்று பேசுவது வழக்கம். கண்டியின் கல்வி வரலாறு அதற்கு இடம் தரவில்லை. புனித அந்தோனியார் கல்லூரி 1854இலும், திரித்துவக் கல்லூரி 1872இலும், பெண்கள் உயர்தரப் பாடசாலை 1879இலும், ஹில்வுட் 1890இலும், கிங்ஸ்வுட் 1891இலும் தொடங்கின. ஆங்கிலம் கற்பித்த மிஷன் பாடசாலைகள் கட்டணம் பெற்றன. சுயமொழிப் பாடசாலைகள் ஏழைகளுக்கு எஞ்சின. அரச உத்தியோகத்துக்கும் சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் போகும் வழி ஆங்கிலப் பாடசாலை வழியாகவே சென்றது. ஊர்ப் பாடசாலையிலிருந்து பிள்ளையை எப்போது எடுப்பது, எந்தச் செலவில் எடுப்பது என்பது அன்றைய கண்டிக் குடும்பங்களுக்கும் இருந்த கவலைதான்.

அப்போதே இருவர் இதற்கு வெவ்வேறு பக்கங்களிலிருந்து விடை தேடினர். கண்டியில் வாழ்ந்த அறிஞர் எம். சி. சித்திலெப்பை, மிஷன் பாடசாலைக்குப் போனால் மார்க்கம் போய்விடும் என்று அஞ்சி ஒதுங்கியிருந்த முஸ்லிம்களை நவீன கல்வியின் பக்கம் திருப்ப முயன்றார். 1882இல் அவர் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ தமிழில் வந்தது. வெளியுலகக் கல்வியும் வேண்டும், அதைச் சமூகத்தின் சொந்தப் பாடசாலையில், சொந்த மொழியை விடாமல் பெற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1904 முதல் 1924 வரை திரித்துவக் கல்லூரியின் அதிபராக இருந்த ஏ. ஜி. பிரேசர் மறுபுறத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார். ஆங்கிலேயப் பாணியில் நடந்த கல்லூரிக்குள் சிங்களத்தையும் தமிழையும் பாடமாகக் கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்தினார். தன் மக்களோடு பேச முடியாத பட்டதாரியை உருவாக்குவது கல்வியாகாது என்பது அவர் கருத்து. இன்றைய சர்வதேசப் பாடசாலைகளைப் பற்றிய விமர்சனங்களில் கனமானவை பல, நூறு ஆண்டுகளுக்கு முன் கண்டியில் ஓர் ஆங்கிலப் பாடசாலையின் அதிபரே சொன்னவற்றுக்கு மிக அருகில் நிற்கின்றன.

இலவசக் கல்வியின் பெயரால்

முதல் பெரும் நிலைப்பாடு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் வழிவந்தது. அவர் தலைமையிலான விசேட குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1945 ஒக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. 1960இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கீழ் கொண்டுவந்தன. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பாடசாலை தொடங்குவது தடைசெய்யப்பட்டது. அப்போது கிங்ஸ்வுட் அரசிடம் சென்றது. திரித்துவமும் ஹில்வுட்டும் தனித்து நின்றன.

1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தில் முளைத்த சர்வதேசப் பாடசாலைகள் இந்தத் தடையைச் சுற்றிச் சென்றன. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் வணிக நிறுவனங்களாகப் பதிவாகின. கொழும்பு சர்வதேசப் பாடசாலை 1982இலும் கேட்வே கல்லூரி 1997இலும் தலைநகரில் தொடங்கிப் பின்னர் கண்டியிலும் கிளை விரித்தன. இலவசக் கல்வியின் காவலர்கள் இதைக் கொல்லைப்புற வழி என்கின்றனர். வசதியுள்ள பெற்றோர் வெளியேறினால், ஆசிரியர் இல்லை என்று வலயக் கல்வி அலுவலகத்தில் போய்க் குரல் கொடுக்கக்கூடியவர்கள் வெளியேறுகின்றனர். மிஞ்சும் பாடசாலை மேலும் நலிகிறது. இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

அதன் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. அது காக்க நினைக்கும் அமைப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை. கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து மலையகத் தமிழ்ப் பிள்ளைகளின் கல்வி தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. 1920 ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்டங்களின் மீது சுமத்தியது. நடைமுறையில் அது பெரும்பாலும் ஓராசிரியர், ஒரு கொட்டகை, சில ஆரம்ப வகுப்புகள் என்ற அளவில் நின்றது. தீவெங்கும் 1945இல் கொண்டாடப்பட்ட இலவசக் கல்வி அந்தக் கொட்டகைகளை எட்டவில்லை. அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அதுவும் படிப்படியாக, ஆண்டுக் கணக்கில் நடந்தது. ஆஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட ‘லேபரிங் டு லேர்ன்’ என்ற நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தலைமேட்டில் இருக்கும் ஹந்தானைத் தோட்டத்தையும், தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கலைத் தோட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, ‘பொதுக் கல்வியைக் கைவிடுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டை எல்லாப் பெற்றோர் மீதும் ஒரே எடையில் வைக்க முடியாது. பொதுக் கல்வி அவர்களைக் கைவிட்ட காலம் நீண்டது.

அரச பாடசாலைகளுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. 1985இல் தொடங்கிய தேசிய பாடசாலைத் திட்டமும், 1987இல் வந்த 13 ஆம் திருத்தத்தின் கீழான மாகாணப் பாடசாலைப் பிரிவும் இந்த ஏற்றத்தாழ்வை நிர்வாக வரைபடத்திலேயே எழுதிவிட்டன. தர்மராஜ, மகாமாயா போன்ற நகரப் பாடசாலைகளின் தரம் ஒன்று அனுமதிக்காகப் பெற்றோர் படும் பாடு ஊரறிந்தது. அண்மைக்காலச் சுற்றறிக்கைகளில் பாதி இடம் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கும் கால் பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் போகிறது. நகருக்குள் வீடோ பழைய மாணவரான தந்தையோ தாயோ இல்லாத குடும்பத்துக்குப் பெரும்பாலும் எஞ்சுவது தரம் 5 பரீட்சைதான். மத்திய கல்லூரிகளுக்குத் திறமையான ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க உருவான அந்தப் பரீட்சை இப்போது பத்து வயதுப் பிள்ளையை மாலை வகுப்புகளில் அடைத்து வைக்கிறது.

தெரிவுரிமை வாதமும் பெறுபேற்றுப் பலகையும்

இரண்டாம் நிலைப்பாடு இந்தச் சூழலில்தான் வேர் பிடிக்கிறது. கட்டணம் கட்டுபவர் அரசின் சுமையைக் குறைக்கிறார், பிள்ளைக்கு நல்லது எது என்பதைப் பெற்றோரே அறிவர், போட்டி வந்தால் அரச பாடசாலையும் திருந்தும் என்பன அதன் கூறுகள். 2021 ஜூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டுக்காக அரச ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலைப் புறக்கணித்த மாதங்களில் இந்த வாதம் வலுப்பெற்றது. கட்டணப் பாடசாலைகள் பல தொடர்ந்து பாடம் நடத்தியதைப் பெற்றோர் நேரில் கண்டனர்.

ஆயினும் இதற்கான சான்று மெலிந்தது. வாயிலில் தொங்கும் பெறுபேற்றுப் பலகை, பாடசாலை என்ன சேர்த்தது என்பதையும் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவந்தது என்ன என்பதையும் பிரித்துக் காட்டாது. பல நாடுகளை ஒப்பிடும் பிசா ஆய்வுகளில் தனியார் பாடசாலைகளின் மேலான புள்ளிகள், குடும்பத்தின் சமூகப் பொருளாதாரப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பாலான நாடுகளில் சுருங்கிவிடுகின்றன; சிலவற்றில் மறைந்தே போகின்றன. கண்டியில் இந்தப் பிரிப்பைச் செய்வது மேலும் கடினம். இங்கே சர்வதேசப் பாடசாலை மாணவர் எழுதுவது கேம்பிரிட்ஜ், எடெக்செல் பரீட்சைகள்; பேச்சுவழக்கில் ‘லண்டன்’ பரீட்சைகள். அரச பாடசாலை மாணவர் எழுதுவது பரீட்சைத் திணைக்களத்தின் க.பொ.த. ஒரே அளவுகோலில் இரு தரப்பையும் வைக்க வழியில்லை. போதாக்குறைக்கு இரு தரப்புப் பிள்ளைகளும் மாலையில் தனியார் வகுப்புக்குப் போகின்றனர்.

தெரிவுரிமை வாதம் தொடாத இன்னொன்று, தெரிவைச் செய்தபின் அதைத் தாங்கிப் பிடிக்கும் வலு. 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. லண்டன் பரீட்சைக் கட்டணம் ஸ்டேர்லிங் பவுண்டில் கணிக்கப்படுவது. எட்டாம் தரத்தில் கட்டக்கூடியதாக இருந்த தொகை பதினோராம் தரத்தில் எட்டாக் கனியாகலாம் என்பதைச் சேர்க்கும் நாளில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அரச பாடசாலையில் 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடையும் இலவசம். மாறும்போது அவையும் சேர்ந்தே போகின்றன.

மொழி: எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது

விவாதத்தின் செறிவான பகுதி இதுதான். யுனெஸ்கோவின் 1953 ஆம் ஆண்டு அறிக்கை தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்றது. அதற்கு முன்னரே இலங்கை சுயமொழிக் கல்விக்கு நகர்ந்திருந்தது. அதன் பயனாகக் கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பல்கலைக்கழகம் வந்தனர். ஆனால் தனியார் துறை உத்தியோகமும் உயர் தொழில்களும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தன. 1976இல் ‘டிப்ளோமா டிசீஸ்’ நூலில் சான்றிதழ் மோகத்தை ஆராய்ந்த ரொனால்ட் டோர் இலங்கையை எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். கற்பதும் பிழைப்பதும் இரு வேறு தடங்களில் போனதன் விலையை அந்நூல் காட்டுகிறது. 2001 முதல் அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சி. ஆங்கிலத்தில் பாடம் நடத்தக்கூடிய ஆசிரியர் கிடைத்த நகரப் பாடசாலைகளில் அது ஓரளவு நிலைத்தது. தமிழ்மொழிமூல ஆசிரியரே போதாத பாடசாலைகளில் அது பெயரளவில் நின்றது.

சர்வதேசப் பாடசாலையை ஆதரிப்போர், ஆங்கிலம் வந்துவிடும், தமிழ் வீட்டில் இருக்கிறது என்பர். இதை ஜிம் கம்மின்ஸ் என்ற கனேடிய அறிஞரின் ஆய்வோடு வைத்துப் பார்ப்பது நல்லது. 1979இல் அவர் முன்வைத்த கருத்தின்படி, அன்றாடப் பேச்சுக்கான மொழித்திறன் வேறு, பாடநூலை வாசித்து விளங்கி எழுதுவதற்கான மொழித்திறன் வேறு. முன்னது ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும். பின்னது ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். தாய்மொழியில் அந்த இரண்டாம் திறன் வேரூன்றியிருந்தால் அது அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும். இதன்படி, ஒன்பது பத்து வயது வரை தமிழில் நன்றாக வாசித்து எழுதிய பிள்ளை மாறும்போது தடுமாறினாலும் தேறிவிடும் என்று எதிர்பார்க்கலாம். தமிழிலும் எழுத்து கூடாமல், ஆங்கிலமும் இல்லாமல் மாற்றப்படும் பிள்ளைக்கே ஆபத்து அதிகம். அரச பாடசாலையில் பின்தங்கிவிட்டது என்பதற்காகவே மாற்றப்படும் பிள்ளைகள் பலர் இந்த இரண்டாம் வகையினர் என்பது கவலைக்குரியது.

கம்மின்ஸின் ஆய்வைக் கண்டிக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. கனடாவில் குடியேறிய பிள்ளையைச் சுற்றித் தெருவெங்கும் ஆங்கிலம். கண்டியில் சந்தையில் சிங்களம், வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம். சர்வதேசப் பாடசாலைகளில் தமிழ் ஒரு பாடமாக இருந்தாலும் வாரத்தில் சில பாடவேளைகளே கிடைக்கும். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் குறைவானால் அதுவும் இராது. இலங்கை வரலாறும் சமயமும் அரச பாடசாலையில் சாதாரண தரம் வரை கட்டாயம். லண்டன் பாடத்திட்டத்தில் அவை கட்டாயமில்லை. பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத தமிழோடு வளரும் தலைமுறை உருவானால் நாளைக்கு மலையகத்தின் பத்திரிகையையும் பாடநூலையும் இலக்கியத்தையும் எழுதப்போவது யார்? ஆங்கிலம் பறிபோன ஒரு தலைமுறையின் இழப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. இந்த இழப்பு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

பல்கலைக்கழக வாசல்

பாடசாலை மாற்றத்தைப் பற்றிய தமிழர் பேச்சு எப்படியும் பல்கலைக்கழகத்தில் வந்து முடியும். பல்கலைக்கழக அனுமதியில் 1970களில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தந்த காயம் அப்படி. இன்றைய முறையில் பெரும்பாலான இடங்கள் தேசிய திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பகிரப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் உள்ளன, கண்டி இல்லை. ஆகவே தெல்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளை, மலை தாண்டி நுவரெலியா மாவட்டத்தில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகையின்றி, கண்டி நகரத்தின் தேசிய பாடசாலை மாணவரோடு இஸட் புள்ளியில் போட்டியிடுகிறது. தமிழ்மொழிமூலத்தில் உயிரியலும் பௌதிகமும் இணைந்த கணிதமும் முழு ஆசிரியர் வளத்தோடு கிடைக்கும் பாடசாலைகள் மாவட்டத்தில் குறைவு என்பதையும் சேர்த்தால், வசதி வந்ததும் பெற்றோர் ஏன் வேறு வழி தேடுகின்றனர் என்பது புரியும்.

அந்த வேறு வழி பேராதனைக்குப் போகாது. லண்டன் உயர்தரப் பெறுபேறு கொண்டு இந்த நாட்டிலிருந்தபடி அரச பல்கலைக்கழகத்தின் வழமையான அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியாது. உள்நாட்டு உயர்தரத்தைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வேண்டும். எனவே பதினொரு வயதில் பாடசாலை மாறும்போதே, பத்தொன்பது வயதில் கட்டணப் பட்டம் அல்லது வெளிநாடு என்ற முடிவும் பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிரான நீண்ட போராட்டம், அந்த முடிவு எவ்வளவு நிச்சயமற்ற நிலத்தில் நிற்கிறது என்பதைக் காட்டியது. தமிழ்நாட்டு அரசு 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தது. பாடசாலை வகையை அனுமதிக்கு அளவுகோலாக்கும் இத்தகைய முயற்சியை இலங்கை தொடவில்லை. இங்கே அளவுகோல் மாவட்டம்தான். ஒரு மாவட்டத்துக்குள் நகரும் தோட்டமும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதை அந்த அளவுகோல் காண்பதில்லை.

கடல் கடந்தால்

வளைகுடா நாடுகளுக்குப் போகும் கண்டிக் குடும்பத்துக்குத் ‘தெரிவு’ என்ற பேச்சே வேறு. அங்கே அரச பாடசாலைகள் அரபு மொழிமூலம், பெரும்பாலும் குடிமக்களுக்கானவை. வேலைக்காக வந்தவரின் பிள்ளைக்குத் தனியார் பாடசாலை தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. பிரித்தானியப் பாடத்திட்டப் பாடசாலைகள், ஒப்பீட்டளவில் கட்டணம் குறைந்த இந்தியப் பாடசாலைகள், தூதரகத்தின் அனுசரணையோடு டோஹாவிலும் மஸ்கட்டிலும் இயங்கும் இலங்கைப் பாடசாலைகள் என்பன கண்முன் இருக்கும் வழிகள். குடும்ப விசாவுக்குப் போதிய சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு இவை எதுவும் இல்லை. வீட்டு வேலைக்குப் போகும் மலையகப் பெண்ணின் பிள்ளை ஊரில்தான் படிக்கிறது. வளைகுடாவைப் பற்றிய கல்வி விவாதம் மேல்நிலை ஊழியரை மட்டும் கண்முன் வைத்து நடப்பது அதன் பெருங்குறை.

ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒரு விடயம் கண்காணிப்பு. துபாயில் தனியார் பாடசாலைகளைப் பரிசோதித்துத் தரப்படுத்திப் பெற்றோர் பார்வைக்கு வெளியிடும் வேலையை ஓர் அரச அதிகாரசபை பல ஆண்டுகளாகச் செய்தது. கட்டண உயர்வுக்கும் வரம்பு வைத்தது. கண்டியில் கம்பனியாகப் பதிவான பாடசாலையின் ஆசிரியர் தகைமையையோ கட்டணத்தையோ அதே முறையில் பார்க்கும் ஏற்பாடு கல்வி அமைச்சில் உருவாகவில்லை. சர்வதேசப் பாடசாலைகளை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் பேச்சு அரசாங்கம் மாறும்போதெல்லாம் எழுந்து அடங்கியிருக்கிறது. அங்கே கட்டணம் கட்டும் தந்தைக்குக் கிடைத்த தகவல், இங்கே கட்டணம் கட்டும் தாய்க்குக் கிடைப்பதில்லை. தடைசெய்வதா அனுமதிப்பதா என்று இரு முகாம்களும் நாற்பது ஆண்டுகளாக வாதாடியதில் இந்த நடுநிலைப் பணி விடுபட்டுப் போனது என்றே கருதத் தோன்றுகிறது.

திரும்பும் பாதை

வேலை போனால், விசா முடிந்தால், ரூபா சரிந்தால் பிள்ளை திரும்பும். திரும்பும் பிள்ளைக்காக அரச பாடசாலை வைத்திருக்கும் வாசல் மிகக் குறுகியது. தரம் ஒன்று அனுமதியில் வெளிநாட்டிலிருந்து வந்தோருக்கு ஒரு சிறு பங்கு உண்டு. இடைத்தரங்களில் வெற்றிடம் இருக்க வேண்டும், அதிபர் இணங்க வேண்டும், அமைச்சின் அனுமதி வேண்டும். உள்ளூர்ச் சர்வதேசப் பாடசாலையிலிருந்து திரும்பும் பிள்ளைக்கு அந்தச் சிறு பங்கும் இல்லை. எட்டாம் தரத்தில் வந்து சேரும் பிள்ளை விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதத் தெரியாமல் நிற்கும்போது அதைக் கைதூக்கிவிட இடைநிலை வகுப்பு எதுவும் முறையாக வகுக்கப்படவில்லை.

எவை திறந்த வினாக்களாக நிற்கின்றன என்று கேட்டால், மாறிய பிள்ளையின் பெறுபேற்றில் பாடசாலையின் பங்கு எவ்வளவு என்பது தீரவில்லை. எந்த வயதில் மாறினால் தமிழ் நிலைக்கும் என்பதற்கு வேறு நாடுகளின் ஆய்விலிருந்து ஊகம் செய்யலாமே தவிர, சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த நகரத்துக்கான விடை இங்கேதான் தேடப்பட வேண்டும். வசதியுள்ளோர் வெளியேறுவது எஞ்சிய தமிழ்மொழிமூலப் பாடசாலைகளை எந்த அளவு பாதிக்கிறது என்ற வினாவும் அப்படியே. இவற்றுள் சிலவற்றுக்கான மூலப்பொருள் ஏற்கெனவே கண்டியில் இருக்கிறது. பாடசாலையை விட்டு விலகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் விடுகைப் பத்திரம் எழுதுகிறார். அனுமதிப் பதிவேட்டில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கின்றன. கண்டி, கட்டுகாஸ்தோட்டை, கம்பளை, தெனுவர வலயங்களின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் அந்தப் பதிவேடுகளைப் பத்தாண்டுக்குப் பின்னோக்கிப் புரட்டி, யார் எந்தத் தரத்தில் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று தொகுக்கும் வேலையைப் பேராதனையின் கல்வியியல் துறையும் வலய அலுவலகங்களும் சேர்ந்து தொடங்க முடியும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.